கூரியரில் வரவழைப்பதா, கீழே போய்த் தூக்கி வருவதா: மலையில் இருப்பவர்கள் பழைய டர்ன்டேபிள் வாங்கும் வழிகள்

நீலகிரியில் இருந்துகொண்டு பழைய டர்ன்டேபிள், அதாவது எல்பி ரெக்கார்டு ஓட்டுகிற பிளேயர், வாங்க நினைக்கிறவருக்கு நாலு வழி இருக்கிறது. ஆன்லைனில் பார்த்துப் பணம் கட்டி, கூரியரிலோ லாரி பார்சலிலோ வீட்டுக்கு வரவழைப்பது ஒன்று. ஆன்லைனில் தேடிப் பிடித்து, ஆனால் கோயம்புத்தூரோ சென்னையோ பெங்களூரோ நேரில் போய், ஓட்டிக் கேட்டு, கையோடு தூக்கி வருவது இன்னொன்று. இங்கேயே பழைய எஸ்டேட் பங்களாக்களிலும் காயலான் கடைகளிலும் கிடைப்பதை எடுத்துச் சரிசெய்துகொள்வது மூன்றாவது. இந்தத் தலைவலியே வேண்டாம் என்று புதுசாக ஒன்று வாங்கிவிடுவது நாலாவது. வெளிநாட்டிலிருந்து இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதைக் கடைசியில் பார்க்கலாம்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வழிதான். ஆன்லைனைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பொருளைக் கொண்டுவரும் வேலையை முடிந்தவரை அதனிடம் ஒப்படைக்காதீர்கள். ஆனால் இது எல்லா மாடலுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. சில டர்ன்டேபிள்கள் கூரியரைத் தாங்கும், சில கண்டிப்பாகத் தாங்காது, சிலவற்றுக்கு பெட்ரோல் செலவழித்துக் கீழே போவதே வீண். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இவ்வளவு நீளம்.

மிக்ஸியும் டிவியும் கூரியரில் பத்திரமாக வருகின்றனவே, இது மட்டும் ஏன் உடைகிறது என்று பலர் கேட்கிறார்கள். அவை கம்பெனிப் பெட்டியில், அந்தப் பொருளுக்கென்றே வார்த்த தெர்மோகோலுக்குள் உட்கார்ந்து வருகின்றன. நாற்பது வருஷத்துக்கு முந்தைய டர்ன்டேபிளுக்கு அந்தப் பெட்டி பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. விற்கிறவர் பக்கத்து மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டியில், பழைய பேப்பரைக் கசக்கி அடைத்து, மேலே ‘ஃபிராஜைல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார். அந்த ஸ்டிக்கரை குடோனில் யாராவது நின்று படிக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை.

அதுவும் போக, டர்ன்டேபிள் என்பதே பாதி பாகங்கள் எங்கும் முடுக்கப்படாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு இயந்திரம். பிளாட்டர், அதாவது ரெக்கார்டு உட்காரும் தட்டு, நடுத்தண்டின் மேல் தன் எடையில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 1979-ல் வந்தது, டிஜேக்கள் உலகம் முழுக்க அடி அடியென்று அடித்தும் ஓடிக்கொண்டிருக்கிற மாடல், மொத்த எடை சுமார் 12 கிலோ. அதில் பிளாட்டர் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. பெட்டி ஒரு தடவை தலைகீழானால் அந்த இரண்டு கிலோ அலுமினியம் தண்டிலிருந்து கழன்று, மூடியில் மோதி, பக்கவாட்டில் சரிந்து, ஊசியைத் தாங்குகிற கையான ஆர்ம் மேல் விழும். ஆர்மின் பேரிங்கோ ஒன்றரை, இரண்டு கிராம் அழுத்தத்தில் ஊசியை நடத்துவதற்கென்று செய்தது. பிறகு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோத்தகிரியில் ஒரு நண்பருக்கு அப்படி வந்த பெட்டியைத் திறக்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். வெளிப்பெட்டியில் ஒரு கீறல் இல்லை, ஓரம்கூட நசுங்கவில்லை. தூக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம். திறந்தால் டஸ்ட் கவர் உள்பக்கத்திலிருந்து அடிபட்டு நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டிருந்தது, ஆர்ம் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கிற ஹெட்ஷெல் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது, ஊசி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, ஆர்மின் பின்முனையில் இருக்கிற எடைக்கட்டியான கவுன்ட்டர்வெயிட் கழன்று மூலையில் கிடந்தது. நான் ஓட்டிக் காட்டிவிட்டுத்தானே அனுப்பினேன் என்றார் விற்றவர். வெளிப்பெட்டி நல்லாத்தானே இருக்கு சார், இது உங்க பேக்கிங் கோளாறு என்றது கூரியர். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான், அதனால் இரண்டு பேரிடமிருந்தும் பணம் வரவில்லை. பெட்டி கிழிந்திருந்தால் கூரியரிடம் சண்டை போட ஒரு பிடி இருக்கும். பெட்டி முழுசாக இருந்து உள்ளே உடைந்திருந்தால் அந்தப் பிடியும் கிடையாது. டர்ன்டேபிள் விஷயத்தில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவது வகைதான்.

சரி, மலைப்பாதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறுவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவு, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏறினால் 36. ஒவ்வொரு வளைவிலும் லோடு ஒரு பக்கம் சாய்ந்து அடுத்த வளைவில் மறு பக்கம் சாய்கிறது, மேலே நிற்கிற பெட்டி மெல்ல நகர்ந்து இடம் மாறுகிறது. ஆனாலும் வளைவு மட்டும் ஒன்றையும் உடைத்துவிடாது. உடைப்பது கைமாறுவது. சென்னையில் ஒருவர் அனுப்பினால் அங்கே ஒரு குடோன், கோயம்புத்தூரில் ஒரு குடோன், அங்கிருந்து சின்ன வண்டிக்கு மாற்றம், மேலே வந்ததும் ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு ஆபீஸ், அங்கிருந்து பைக்கிலோ ஆட்டோவிலோ வீட்டுக்கு. கீழே இருக்கிறவருக்கு இரண்டு தடவை இறக்கி ஏற்றினால் போதும் என்றால் நமக்கு நாலைந்து. ஒவ்வொரு இறக்கமும் இடுப்பு உயரத்திலிருந்து ஒரு தொப். எஸ்டேட் லைனிலோ உள்கிராமத்திலோ இருப்பவர்களுக்குக் கடைசிக் கட்டம் கிடையவே கிடையாது, ‘வந்து எடுத்துட்டுப் போங்க’ என்று போன் வரும். எப்படியும் பஸ் ஏறிப் போய் எடுக்கப்போகிறோம் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கோயம்புத்தூருக்கே போய்விடலாம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

எந்த மாடல் என்பதுதான் இதில் பாதி முடிவு. ஓரளவு தைரியமாக அனுப்பச் சொல்லக்கூடியது டெக்னிக்ஸ் மாதிரி டைரக்ட் டிரைவ், அதாவது மோட்டாரே நேராகப் பிளாட்டரைச் சுற்றுகிற வகை. உடம்பு கெட்டி, உள்ளே தொங்குகிற பாகம் எதுவும் இல்லை, பிளாட்டரையும் ஹெட்ஷெல்லையும் கவுன்ட்டர்வெயிட்டையும் கழற்றிவிட்டால் ஆர்ம் தவிரப் பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் கவனம்: பிளாட்டரின் அடியிலேயே மோட்டாரின் காந்த வளையம் இருக்கிறது, பேக் செய்யும் இடத்தில் கிடக்கிற ஸ்டேப்ளர் பின், இரும்புத் தூள் எல்லாவற்றையும் இழுத்து வைத்துக்கொள்ளும், திரும்ப மாட்டுவதற்கு முன் துடைத்துப் பாருங்கள்.

அடுத்தது ரீகா பிளேனார் மாதிரி ஸ்பிரிங் இல்லாத பெல்ட் டிரைவ், அதாவது மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட்டால் பிளாட்டரைச் சுற்றுகிற வகை. எடை குறைவு, எளிமையான அமைப்பு, அதனால் சமாளிக்கலாம். பிளேனார் 3-ல் பிளாட்டர் கண்ணாடி. அதைத் தனியாகச் சுற்றித் தனிப் பெட்டியில் வைக்காமல் அனுப்புகிறவர் மேல் எனக்கு எந்த மரியாதையும் இல்லை.

கூரியரில் அனுப்பவே கூடாதது ஸ்பிரிங்கில் தொங்குகிறவை. 1961-ல் எட்கர் வில்ச்சர் ஏஆர் கம்பெனிக்காகச் செய்த டர்ன்டேபிளில் பிரபலமான வடிவம் இது. பிளாட்டர் பேரிங்கும் ஆர்மும் ஒரே உள்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்கில் நிற்கும், தரையில் யாராவது நடந்தாலும் ஊசிக்கு ஆட்டம் போகாது. தோரன்ஸ் டிடி 160, லின் சோண்டெக் எல்பி12 எல்லாம் இந்த வம்சம். கேட்க அருமையாக இருக்கும். எஸ்டேட் பங்களாக்களின் மரத்தரைக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்பிரிங் வீட்டில் எதற்கு உதவுகிறதோ அதுவே லாரியில் எமன். உள்சட்டம் துள்ளித் துள்ளி ஸ்பிரிங் கழன்றுவிடும், பேரிங் எண்ணெய் கசியும். கொண்டுபோகும்போது உள்சட்டத்தைப் பூட்டுவதற்கு ட்ரான்ஸிட் ஸ்க்ரூ வைத்துத்தான் தோரன்ஸ்காரர்கள் விற்றார்கள். ஆனால் அந்த ஸ்க்ரூ இத்தனை வருஷத்தில் எந்த டப்பாவில் போனதோ, பத்தில் எட்டு பேரிடம் இருக்காது. இருக்கிறது என்று சொல்கிறவரிடம் மாட்டிய நிலையில் ஒரு போட்டோ கேளுங்கள். அப்படியே வந்து சேர்ந்தாலும் ஸ்பிரிங்கை மறுபடி மட்டம் பார்த்துச் சரிசெய்ய ஆள் வேண்டும், அந்த ஆள் இந்த மலையில் கிடைப்பது கஷ்டம். தோரன்ஸ்தான் வேண்டும் என்றால் காரில் போய், பின்சீட்டில் வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள்.

ஆர்ம் தானாகவே போய் ரெக்கார்டில் உட்காருகிற கேரார்ட், டூயல் மாதிரி ஆட்டோமேட்டிக் வகைகளில் பிரச்சினை வேறு. அடியில் பற்சக்கரமும் நெம்புகோலும் நிறைய, அதில் போட்ட கிரீஸ் காலப்போக்கில் இறுகி மெழுகாகிவிடும். கீழே வெயிலில் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தது, ஊட்டிக் குளிரில் டிசம்பர் மாதம் ஆர்மைப் பாதி வழி கொண்டுபோய் அப்படியே நின்றுவிடும். இது கூரியர் உடைத்ததல்ல, ஆனால் நீங்கள் கூரியரைத்தான் திட்டுவீர்கள்.

இனி முதல் வழி. வேறு வழியே இல்லை, டெல்லியில் இருக்கிறது, போக முடியாது, விலையும் நன்றாக இருக்கிறது என்றால் கூரியர்தான். அப்படியானால் பேரம் பேசுவதை விலையில் பேசாதீர்கள், பேக்கிங்கில் பேசுங்கள். ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்வதைவிட, அதே ஆயிரத்தை வைத்து நல்ல பெட்டியும் ஸ்பாஞ்சும் வாங்கச் சொல்வது லாபம். நான் கேட்பது இப்படி: ஹெட்ஷெல்லைக் கழற்றி, ஊசிக்கு மூடி போட்டு, ஒரு சின்ன டப்பாவில் தனியாக. கவுன்ட்டர்வெயிட்டும் கழற்றித் தனியாக. ஆர்மை அதன் தாங்கியில் மாட்டி மெல்லிய கம்பியாலோ நூலாலோ கட்ட வேண்டும், செல்லோடேப் கூடாது, பசை பிடித்துக்கொண்டு உரிக்கும்போது ஆர்மையே இழுக்கும். பிளாட்டரை எடுத்து பபுள் ஷீட்டில் சுற்றிப் பெட்டியின் அடியில் படுக்கவைத்து, அதன் மேல் ஒரு தெர்மோகோல் பலகை, அதற்கு மேல்தான் டர்ன்டேபிளின் உடம்பு. பிளாட்டர் மேலே இருந்தால் என்றைக்கும் ஆபத்துதான். டஸ்ட் கவரைக் கீலோடு கழற்றித் துணி சுற்றித் தனியாக. மொத்தத்தையும் பாலித்தீன் கவரில் போட்டு, அசையாத அளவுக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது இடம் விட்டு இன்னொரு பெரிய பெட்டி, அந்த இடைவெளியில் ஸ்பாஞ்சோ தெர்மோகோல் பலகையோ. கசக்கிய பேப்பர் வேண்டாம், முதல் குடோனிலேயே அது தட்டையாகிவிடும், பிறகு இடைவெளி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இதையெல்லாம் செய்கிற வீடியோவை, பணம் முழுசாகக் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். முன்பணம் கொடுத்து மீதியை பேக்கிங் வீடியோ வந்ததும் அனுப்புவது இரு பக்கமும் நியாயமான ஏற்பாடு. ‘நான் நூறு அனுப்பியிருக்கேன் சார், ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லி வீடியோ தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். நூறு அனுப்பியவருக்கு இது ஐந்து நிமிஷ வேலை.

லாரி பார்சலா கூரியரா என்றால், கனமான டெக்னிக்ஸுக்கு மரப்பெட்டி அடித்து லாரி பார்சல் தேவலை என்பது என் எண்ணம். கூரியரில் எடை கூடக் கூடக் கட்டணம் ஏறுகிறது, பெரிய பெட்டியாக இருந்தால் எடைக்குப் பதிலாகக் கன அளவை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், இரட்டைப் பெட்டி போட்டால் அதுவே நம் தலையில் விழுகிறது. ஆனால் லாரி ரசீதில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் உடைந்தால் உங்கள் பாடு. கூடுதலாகக் கட்டி மதிப்பைப் பதிவுசெய்ய வழி இருக்கும், அதைக் கேட்டு வாங்க வேண்டியது அனுப்புகிறவர், நீங்கள் அல்ல. அவருக்கு அதில் அக்கறை இருக்காது, பணம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. இன்சூரன்ஸ் போட்டாலும் முன்பு சொன்ன ‘உள் பேக்கிங் சரியில்லை’ என்கிற பதில் காத்திருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதமும் பார்க்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம்தான் அதிகம் கொட்டும். மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைத்துக்கொண்டால் பார்சல் எங்கேயாவது குடோனில் நாள்கணக்கில் உட்காரும். ஈரம் இறங்கிய அட்டைப்பெட்டி பாதி பலத்தை இழந்துவிடும், அதற்கு மேல் இன்னொருவருடைய டைல்ஸ் பெட்டியை அடுக்கினால் கதை முடிந்தது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரல், மே சீசனில் பாதை முழுக்க டூரிஸ்ட் வண்டி, உடையாது, ஆனால் வரவும் வராது.

இரண்டாவது வழிக்கு வருவோம். இதில் உடைகிற பயம் குறைவு என்பதைவிடப் பெரிய லாபம், வாங்குவதற்கு முன் காதால் கேட்டுவிடலாம் என்பது. ஆன்லைன் போட்டோவில் எல்லா டர்ன்டேபிளும் அழகாகத்தான் இருக்கிறது. ஆர்ம் பேரிங்கில் ஆட்டம் இருப்பது போட்டோவில் தெரியாது.

நேரில் போனால் அவசரப்படாதீர்கள். முதலில் கரண்ட் போடாமல் பிளாட்டரைக் கையால் சுற்றிவிட்டுக் காதை உடம்பில் வையுங்கள். கரகரவென்று எதுவும் கேட்கக் கூடாது. அப்புறம் ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்கிற ஆன்ட்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, கவுன்ட்டர்வெயிட்டைத் திருப்பித் திருப்பி ஆர்ம் மேலும் போகாமல் கீழும் போகாமல் காற்றில் மிதக்கிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். லேசாக வாயால் ஊதினால் போதும், அது தடங்கலில்லாமல் உள்ளே வெளியே போய்வர வேண்டும். வழியில் ஒரே இடத்தில் தயங்கி நின்றால் பேரிங்கில் அழுக்கோ அடியோ இருக்கிறது. ஆர்மின் அடிப்பகுதியை இரண்டு விரலால் பிடித்து மிக மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். டக் என்று ஒரு சின்ன ஆட்டம் விரலுக்குத் தெரிந்தால் வேண்டாம் என்று எழுந்துவிடலாம், அல்லது பாதி விலைக்குக் கேட்கலாம், அது உங்கள் தைரியம். பிறகு கரண்ட் போட்டு, டெக்னிக்ஸ் என்றால் பிளாட்டர் ஓரத்துப் புள்ளிகள் சிவப்பு விளக்கில் அசையாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். புள்ளி இல்லாத மாடலுக்கு போனைப் பிளாட்டர் மேல் வைத்தால் வேகத்தைச் சொல்கிற ஆப் இருக்கிறது, 33-க்குக் கொஞ்சம் மேலே, அதாவது நிமிஷத்துக்கு 33⅓ சுற்று காட்ட வேண்டும்.

ரெக்கார்டு உங்களுடையதைக் கொண்டுபோங்கள். வீட்டில் கேட்டுக் கேட்டுக் காதில் பதிந்த ஒன்று, நீளமாக ஒரு வீணையோ வயலினோ இழுக்கிற இடம் உள்ளது. இழுப்பில் சுருதி ஆடினால் வேகம் நிலையாக இல்லை என்று உடனே தெரிந்துவிடும். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவு வருகிறதா என்றும் பாருங்கள். ஊசியை மட்டும் பழசு என்றே கணக்கில் எழுதுங்கள். சாதாரணக் கூம்பு ஊசிக்கு 500 மணி நேரம்தான் என்பார்கள், இதற்கு முன் எத்தனை மணி நேரம் ஓடியது என்று விற்கிறவருக்கே தெரியாது. ‘புது ஊசி சார்’ என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம்.

கொண்டு வருவது எப்படி? கோயம்புத்தூர் என்றால் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பஸ் ஏறி, பக்கத்து சீட்டுக்கும் டிக்கெட் எடுத்து அதில் பெட்டியை வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம். டெக்னிக்ஸ் அகலம் சுமார் 45 சென்டிமீட்டர், மேல் ரேக்கில் நிற்காது, நின்றாலும் வைக்காதீர்கள். பிளாட்டரை மட்டும் கழற்றித் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை போய்விடும். சென்னையிலிருந்து என்றால் நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம், பெட்டி கீழ் பெர்த்தின் அடியில் படுத்து வரும், ரயிலைவிட மென்மையான வண்டி கிடையாது. அங்கிருந்து மலை ரயிலில் ஏற்றலாமே என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. 46 கிலோமீட்டருக்கு அது எடுத்துக்கொள்கிற நேரத்தையும், உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற ரயில் பெட்டியையும், பல்சக்கரத்தில் ஏறும்போது அது கொடுக்கிற குலுக்கலையும் நினைத்துப் பார்த்துவிட்டு பஸ்ஸிலேயே வாருங்கள். பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள் பந்திப்பூர் கேட் ராத்திரி ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதை மறந்துவிட்டு, விற்கிறவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டு ரெக்கார்டு மேல் ரெக்கார்டாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

சிலசமயம் கீழே இருக்கிற விற்பனையாளரே, ஊட்டி பார்த்த மாதிரியும் ஆச்சு, நானே கொண்டுவந்து தருகிறேன் என்பார். இதைவிட நல்லது ஒன்றும் இல்லை. 2024 மே மாதத்திலிருந்து வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிஎன்-43 என்ற நீலகிரிப் பதிவெண் வண்டி வைத்திருக்கிற நமக்கு அது ஞாபகமே வராது.

இந்த வழியின் செலவு என்ன? ஒரு நாள் லீவு, பஸ் செலவு, பக்கத்து சீட்டு டிக்கெட், கீழே ஒரு சாப்பாடு. நல்ல பேக்கிங்கோடு சேர்த்த கூரியர் கட்டணத்தைவிட இது பெரும்பாலும் குறைவுதான். போய்ப் பார்த்துப் பிடிக்காமல் வெறுங்கையோடு வருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அது நடக்கும். அதனால் ஒரே ஊரில் இரண்டு மூன்று பேரிடம் பேசி வைத்துக்கொண்டு ஒரே நடையில் எல்லாவற்றையும் பார்ப்பது நல்லது. போவதற்கு முன் ஆர்ம் மிதப்பதையும் பிளாட்டர் ஓடுவதையும் வீடியோ கேட்டுவிட்டால் வீண் நடை பாதியாகக் குறையும்.

மூன்றாவது வழி கேட்க ரொம்ப இனிக்கும். எஸ்டேட் பங்களா விற்கிறார்கள், பரணில் ரேடியோகிராம் (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த பெட்டி) இருக்கிறது, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள் என்று யாராவது ஒருவர் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். வெலிங்டன் ராணுவ ஸ்டாஃப் காலேஜில் கோர்ஸ் முடிந்து கிளம்புகிற ஆபீசர்கள் வீட்டுச் சாமான் விற்பதும் உண்டு, அதில் எப்போதாவது ஒரு நல்ல டர்ன்டேபிள் அகப்படும். போக்குவரத்து ஆபத்து சுத்தமாகக் கிடையாது என்பது இதன் பெரிய பலம். ஆனால் பரணில் கிடந்தவற்றில் பெரும்பாலானவை கேரார்ட் அல்லது பிஎஸ்ஆர் சேஞ்சர் (ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகத் தானே மாற்றிப் போடுகிற அமைப்பு) வைத்த ரேடியோகிராம்கள், இல்லையென்றால் எச்எம்வி ஃபியஸ்டா மாதிரி சூட்கேஸ் பிளேயர்கள். ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கிற ரோஷல் உப்பு ஈரத்தில் கெட்டுப்போகும். குன்னூர் பனிமூட்டத்தில் முப்பது வருஷம் கிடந்த கார்ட்ரிட்ஜிலிருந்து சத்தம் வந்தால் ஆச்சரியம். வந்தாலும் அவை ரெக்கார்டு மேல் பல கிராம் எடையில் உட்காரும், நீங்கள் தேடித் தேடிச் சேர்த்த எல்பியை உழுதுவிடும். மோட்டாருக்கும் பிளாட்டருக்கும் நடுவே சுற்றுகிற ரப்பர் இட்லர் சக்கரம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து பள்ளம் விழுந்திருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் டொக். ஒயர் முனைகளில் பச்சை பூத்திருக்கும். ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ள, கையால் நோண்டிச் சரிசெய்கிற சுகத்துக்கு இது சரி. நாளை சாயங்காலம் பாட்டு கேட்க வேண்டும் என்றால் சரியில்லை.

புதுசு? கையில் பதினைந்து இருபதாயிரம்தான் இருக்கிறது, நோண்டத் தெரியாது, கீழே போக நேரமும் இல்லை என்றால் இதுதான், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆடியோ-டெக்னிகா எல்பி60எக்ஸ் மாதிரி ஒன்று கம்பெனிப் பெட்டியில் வரும், எடை குறைவு, கார்ட்ரிட்ஜிலிருந்து வருகிற மெல்லிய சிக்னலைப் பெருக்குகிற ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது, உடைந்து வந்தால் திருப்பி அனுப்பலாம். பழைய நல்ல டெக்னிக்ஸோ தோரன்ஸோ கொடுக்கிற சத்தம் இதில் வராது, கார்ட்ரிட்ஜை மாற்றி மேலே போகவும் முடியாது, ஊசியை மட்டும்தான் மாற்றலாம். ஆனால் இதே விலைக்கு ஆன்லைனில் தெரியாத ஒருவரிடமிருந்து கூரியரில் வருகிற பிளாஸ்டிக் ஆட்டோமேட்டிக்கை வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். பழசு என்றால் எல்லாமே உசத்தி என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், எண்பதுகளில் மியூசிக் சிஸ்டத்தோடு ஒட்டி விற்ற டர்ன்டேபிள்களில் பாதி அன்றைக்கே சுமார்தான்.

வெளிநாட்டு விஷயம். ஜப்பானில் விலை மலிவு, பொருளும் சுத்தமாக இருக்கும், அங்கிருந்து பேக் செய்கிறவர்களும் கவனமானவர்கள். ஆனால் சுங்கவரி, தூரத்துக்கேற்ற கட்டணம், அதற்கு மேல் ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230, ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து பழைய பெல்ட் டிரைவ் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்: அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சார அலையோடு ஓடுகிற சின்க்ரனஸ் மோட்டார் வைத்த மாடல் என்றால் 33⅓-க்குப் பதிலாகக் கிட்டத்தட்ட 27.8-ல்தான் சுற்றும், டி.எம்.எஸ். குரல்கூடக் கிணற்றுக்குள்ளிருந்து வரும். வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது, மோட்டார் முனையில் பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்ற வேண்டும். வேகத்தைத் தன் குவார்ட்ஸ் கிரிஸ்டலை வைத்தே கட்டுப்படுத்துகிற டைரக்ட் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை. இங்கிலாந்துப் பொருளுக்கு மின்சாரத்தில் பிரச்சினையே கிடையாது, நம்முடையதும் அதே மாதிரிதான். எப்படியானாலும் கடல் தாண்டி வந்த பெட்டியும் கடைசியில் அதே கோயம்புத்தூர் குடோனில் இறங்கித்தான் மேலே வர வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன், பார்சல் வந்துகொண்டிருக்கிறது என்பவர்களுக்கு: கோயம்புத்தூர் வரை வந்ததும் ட்ராக்கிங்கைப் பார்த்துக் கூரியர் ஆபீசுக்கு போன் போட்டு, அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பெட்டியின் ஆறு பக்கமும் போட்டோ. தூக்கி லேசாகச் சாய்த்துப் பாருங்கள், உள்ளே ஏதாவது உருண்டால் ரசீதிலேயே ‘உள்ளே சத்தம் கேட்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், டெலிவரி பையன் முணுமுணுப்பான், பரவாயில்லை. டேப்பை அறுப்பதிலிருந்து கடைசி ஸ்பாஞ்சை எடுக்கும்வரை வெட்டாமல் ஒரே வீடியோ. உடைந்திருந்தால் அன்றைக்கே விற்றவருக்கும் கூரியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், போனில் பேசியது கணக்கில் வராது. பெட்டியையும் ஸ்பாஞ்சையும் எரித்துவிடாமல் வையுங்கள், கேட்டால் காட்டவும் வேண்டும், திருப்பி அனுப்பவும் வேண்டும். உடையாமல் வந்திருந்தாலும் உடனே கரண்டில் சொருகாதீர்கள். மழை நாளில் மேலே ஏறி வந்த பெட்டிக்குள் ஈரம் இருக்கும், ஒரு ராத்திரி திறந்தபடி அறைக்குள் வைத்துவிட்டு மறுநாள் பிளாட்டரை மாட்டுங்கள்.